காசியில் விட்ட கோபம்

நான் கோபக்காரி. கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பி.டி. டீச்சராக இருந்தவள். ஒரு முறை விசில் தொலைந்துபோய், விசில் இல்லாமலே ஸ்போர்ட்ஸ் டே முழுவதையும் நடத்தி முடித்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்ற பிள்ளைகளுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. பணி ஓய்வு கொடுத்தபோது மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். தொண்டைக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் குமராட்சி. எனக்கு முறை மாமன்தான், அதனால் இன்றைக்கும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். வாயில் ஈ போனால்கூட அதிர்ந்து துப்பாத மனுஷன். அவருக்குச் சர்க்கரை. காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி இரண்டு மாத்திரை. அதை அவர் விழுங்குவதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. நான் அடுப்படியிலிருந்து "மாமா, மாத்திரை!" என்று கத்துவேன். "அப்பறம் போட்டுக்கிறேன்" என்பார். அவ்வளவுதான், பிடித்துக்கொள்வேன். அவருடைய சோம்பேறித்தனத்தில் தொடங்கி, அவர் அம்மா கொடுத்த செல்லம், குமராட்சி மண்ணின் லட்சணம், கண்ணாடி போட்ட டாக்டர், கடைசியாக என்னை இவருக்குக் கட்டிவைத்த என் அப்பா வரைக்கும் போவேன். அப்பா பெயர் வரும்போது அவர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். பதினான்கு வருடம், ஒரு வேளை தவறியதில்லை. கோயிலில்கூட இவ்வளவு நியமமாகப் பூஜை நடக்காது.

அப்படியிருந்த வீட்டிலிருந்துதான் நாங்கள் காசிக்குப் போனோம். தீபாவளி முடிந்த கையோடு, எங்கள் நகரிலிருந்து ஒரு கும்பலாகக் கிளம்பினோம். காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையில் விடுகிற இடம் கயை. பிண்டம் போட்டு முடித்து, ஆலமரத்தடியில் உட்கார்ந்து விட வேண்டும். ஆனால் ஊருக்கு வந்ததும் காசியில் விட்டேன் என்றுதான் சொல்வோம்.

தமிழ் பேசுகிற ஐயர் ஒருவர்தான் செய்துவைத்தார். "பிடிச்ச காய் ஒண்ணு, பழம் ஒண்ணு, இலை ஒண்ணு. ஆயுசுக்கும் தொடப்படாது. யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். எங்கள் ஆட்கள் நன்றாகத்தான் யோசித்திருந்தார்கள். ஒரு அம்மா பாகற்காயை விட்டார். ஒருவர் ப்ரோக்கோலியை விட்டார். இன்னொருவர் கிவிப் பழத்தை விட்டார். அதை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். என் வீட்டுக்காரர் சீத்தாப்பழத்தை விட்டார். அது டாக்டர் எப்போதோ விடச் சொன்ன பழம்.

எனக்குத் தாங்கவில்லை. "பிடிச்சத வுடச் சொன்னா பிடிக்காததா பாத்து வுடுறீங்களே, சாமி என்னா கேணையா? கடலூர்லேர்ந்து இம்மாந்தூரம் வந்து, செத்துப்போனவங்களையும் கூட்டி வச்சிக்கினு ஏமாத்துறீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தேன். மரத்தில் இருந்த குரங்குகள் எல்லாம் அடுத்த மரத்துக்குப் போய்விட்டன. பாகற்காய் அம்மா, "அப்ப நீங்க என்னாத்த வுடப்போறீங்க டீச்சர்?" என்று இழுத்தார்.

"எனக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அத. கோவத்தையே வுடுறேன், போதுமா?" என்று கத்தினேன்.

கோபத்தைக் கோபமாகவே விட்ட ஆள் அந்த மரத்தடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐயர் தயங்கினார். "காய்கறிப் பக்கமா ஏதாவது பாக்கலாமேம்மா" என்றார். "மந்திரத்தச் சொல்லுங்க சாமி" என்றேன். தண்ணீர் விட்டேன். விட்டாகிவிட்டது.

சேதி எனக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது. வந்த மறுநாளே மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் ஒருவர், எங்கள் தெருவில் ஏதோ கட்டட வேலைக்கு வந்தவர், தன் மினி வேனை எங்கள் கேட்டை அடைத்து நிறுத்தினார். பழைய நானாக இருந்தால் வண்டி தானாகவே பின்னால் போயிருக்கும். இப்போது கேட்டுக்கு உள்ளே நின்று சிரித்தேன். "பரவால்லம்மா, உங்களுக்குத்தான் கோவம் வராதாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. நாங்கள் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக ஸ்டூல் போட்டு ஏறி இறங்கினோம். மோட்டார் ரிப்பேர்க்காரர் மோட்டாரைப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டு, சாப்பிட்டு வருகிறேன் என்று போனவர், பொங்கலுக்குத்தான் வந்தார். பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வீங்கிப்போனது. பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல எதையாவது மெல்லுறீங்களா?" என்று கேட்டார்.

எதிர் வீட்டில் ஒரு சிஸ்டர் இருக்கிறார். மடத்துச் சிஸ்டர் இல்லை, ஆஸ்பத்திரிச் சிஸ்டர். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர். என் தாடையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "டீச்சர், நான் காசிக்குப் போவல. எனக்குத் தடை ஒண்ணும் இல்லியே. உங்களுக்காவ நான் திட்டுறேனே."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நம் வீட்டுத் திவசத்துக்கு மந்திரம் சொல்ல ஆள் வைக்கிறோம். நேர்ந்துகொண்ட காவடியை வேறு ஆள் எடுக்கிறார். திட்டுவதற்கு ஆள் வைத்தால் என்ன? ஆனால் சிஸ்டருக்குத் திட்டவே வரவில்லை. முதல் நாள் தண்ணீர் கேன் போடுகிறவரிடம் போய், "இது உங்களுக்கே நல்லா இருக்குதாப்பா?" என்று ஊசி போடுவதற்கு முன்னால் கேட்கிற மாதிரி கேட்டார். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

விடுவேனா? மொட்டை மாடியில் சாயங்காலம் சாயங்காலம் பயிற்சி கொடுத்தேன். கால்களை அகட்டி நில், வயிற்றிலிருந்து குரல் எடு, முதல் வார்த்தையிலேயே ஆளை நிறுத்து, கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்ல விடாதே. சிஸ்டர் துணி காயப்போடும் கம்பியைப் பார்த்து, "மனுஷனா நீ?" என்று இருபது தடவை சொல்லிப் பழகினார். இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் சாந்தமாக நின்றுகொண்டு, "சிஸ்டர், அவரு போன மாசமும் இப்படித்தான் சொன்னாருன்றதயும் சேத்துக்குங்க" என்று மெதுவாக எடுத்துக் கொடுப்பேன். மினி வேன் ஒரே காலையில் போய்விட்டது. சிஸ்டருக்கு முகமே தெளிந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் நோயாளிகளிடமும் டாக்டர்களிடமும் விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. இப்போது பசிகூட நன்றாக எடுக்கிறது என்றார்.

இதற்கிடையே தை மாதம் என் வீட்டுக்காரருக்குப் புதுச் செருப்பு கடித்து, இடது கால் சுண்டுவிரலில் ஒரு புண் வந்தது. மருந்து போட்டோம். சர்க்கரைக்காரர்களுக்கு ஆற நாளாகும் என்று, கட்டு மாற்றுவதை அவரிடமே விட்டுவிட்டேன். மாத்திரைக்கு இப்போது நான் கத்துவதில்லை. தட்டில் எடுத்துவந்து, "மாமா, மாத்திரை எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்பேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "அப்பறம் போட்டுக்கிறேன்" என்பார். "சரிங்க மாமா, உங்க சௌகரியம்" என்று புன்னகையோடு திரும்பிவிடுவேன். என் பக்குவத்தை நினைத்து எனக்கே மெய்சிலிர்க்கும்.

விபூதிப் புதன் அன்று சிஸ்டர் நெற்றியில் சாம்பலோடு வந்து நின்றார். "டீச்சர், தவக்காலம் ஆரம்பிச்சிடுச்சி. நாப்பது நாளைக்கு நானும் எதையாவது வுடணும். எங்கிட்ட இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் நீங்க கத்துக் குடுத்ததுதான்" என்றார். ஆக அந்தத் தெருவில் திட்டுவதற்கு நாதியில்லாமல் போனது.

அந்த நாற்பது நாளில்தான் ஒரு நாள் என் வீட்டுக்காரர் அலமாரியைத் துடைக்கப் போனேன். வேட்டிகளுக்கு அடியில் மாத்திரை அட்டைகள். ஒன்று இரண்டு இல்லை, ஒரு கட்டு. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தே விட்டேன். சிவ சிவ என்றேன். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். நூறு வரை எண்ணினேன், பிறகு திரும்பப் பூஜ்ஜியம் வரை இறங்கினேன். அப்புறம் போய், "மாமா, இதெல்லாம் உடம்புக்கு நல்லதில்லியே" என்றேன். அவர் பேப்பரை இறக்கி, "அவ்ளோதானா?" என்று கேட்டார். "அவ்ளோதாங்க மாமா" என்றேன். பேப்பர் மறுபடி மேலே போனது.

கத்தித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பயம். விட்டதைத் தொட்டால் போட்ட பிண்டமெல்லாம் வீண், அதோடு தாலிக்கும் ஆகாது என்று பாகற்காய் அம்மா ஏற்றிவிட்டிருந்தார். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் திதி செய்துவைக்க வரும் ஐயரிடம் ஏதாவது விலக்கு உண்டா என்று கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "கோபம் வேற, கண்டிப்பு வேற. கோபமில்லாம கண்டிக்கலாம், தோஷமில்லை" என்றார். அன்றைக்கே கண்டித்துப் பார்த்தேன். ரயில் தாமதமாக வருவதற்கு வருந்துகிறோம் என்று ஸ்டேஷனில் சொல்வார்களே, அப்படி வந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்கிறேன். ஊரில் என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் பூ வாங்கி வருவார். சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிவந்து என் எதிரில் சும்மா உட்காரவைப்பார்கள். நான் சிரித்துக்கொண்டே இருப்பேன். அவர்கள் சமாதானமாகிப் போவார்கள். என்னிடம் படித்த ஒருத்தி, மைதானத்தில் என்னால் அழுதவள், குழந்தையோடு வந்து காலில் விழுந்தாள். புண்ணியம் எனக்கு ருசித்துவிட்டது. அந்த மயக்கத்தில் உள்ளறையில் ஒரு விரல் கறுத்துக்கொண்டிருந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை.

ஈஸ்டர் முடிந்ததும் சிஸ்டர் திட்ட வந்தார். இந்த முறை என் வீட்டுக்காரரையே. கால்களை அகட்டி நின்று, வயிற்றிலிருந்து குரலை எடுத்து, "மனுஷனா நீங்க?" என்றார். "உக்காருங்க சிஸ்டர். காபி சாப்புடுறீங்களா?" என்றார் அவர். சிஸ்டர் காபி குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதங்களில் இப்படி ஏழெட்டுக் காபி குடித்தார். ஆனியில் ஒரு நாள் அப்படிக் குடிக்கும்போதுதான் மூக்கைச் சுளித்தார். அவர் கால் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அந்த நேரமே ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"வெரல எடுத்தாவணும். நாளைக்கே வாங்க. தள்ளிப்போட்டா பக்கத்து வெரலு, அப்பறம் பாதம்" என்றார் டாக்டர்.

"ஆனித் தேரு முடியட்டும்" என்றார் என் வீட்டுக்காரர். சிதம்பரத்தில் நடராஜர் தேருக்கு நான்கு நாள் இருந்தது. வயசுப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து வடம் பிடிக்கிறவர், ஒரு வருடம் விட்டதில்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"யோசிச்சி முடிவு பண்ணுங்க மாமா" என்றேன். அதை இப்போது எழுதும்போது என் கையை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தேரன்று விடியற்காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். செருப்பு வாசலில் கிடந்தது. வெறுங்காலோடு முதல் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். நானும் சிஸ்டரும் அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தேர்க்கூட்டம் ஏறியது. கீழ வீதிக்குள் நுழைந்தபோது தேர் கிளம்பிவிட்டது. தண்ணீர் தெளித்த ரோட்டில் கோலங்கள் ஆயிரம் காலில் மிதிபட்டுக் கிடந்தன. கூட்டத்தில் முண்டியடித்து, தெற்கு வீதி திரும்புகிற முனையில் அவரைக் கண்டுபிடித்தோம். வடத்தைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். கட்டு நனைந்து, அவிழ்ந்து, சேறும் ரத்தமுமாக இழுபட்டது. முகம் மட்டும் சந்தோஷமாக இருந்தது.

சிஸ்டர்தான் முதலில் போனார். "மனுஷனா நீங்க!" என்றார். மேளமும் சிவசிவாவும் அந்தக் குரலை அமுக்கிவிட்டன. அவர் திரும்பி, "வாங்க சிஸ்டர், தேர் பாக்க வந்தீங்களா? வெயில்ல நிக்காதீங்க" என்றார். அதைச் சொல்லிவிட்டு அந்தக் காலையே அழுத்தி ஊன்றி ஒரு இழுப்பு இழுத்தார்.

அவ்வளவுதான் தெரியும்.

"யோவ்! வுடுய்யா கயித்த!"

என் குரல்தான். எட்டு மாதம் உள்ளே கிடந்த குரல். "காலு அழுவுது, கயிறு இழுக்கிறியா? உன்ன யாருய்யா இழுக்கச் சொன்னா? அந்தச் சாமியே ஒத்தக் கால்ல நிக்குதுன்னா, நீயும் நிக்கலாம்னு பாத்தியா? அது சாமி, நீ குமராட்சி! மாத்திரையக் கொண்டாந்து குடுத்தா வேட்டிக்கடியில ஒளிச்சி வக்கிறியே, வெக்கமா இல்ல? நீ போயிட்டா நான் யாரப் பாத்துய்யா கத்துறது?" பதினான்கு வருடம் கத்தியதில் ஒரு தடவைகூட அவரை நான் நீ என்றதில்லை. அன்றைக்கு வந்துவிட்டது.

அவருக்கு முன்னும் பின்னும் இருந்த பத்துப் பேர் வடத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். தேர் நின்றது. நான் கத்தித்தான் நின்றது என்று சிஸ்டர் இன்றைக்கும் சொல்கிறார். முனை திரும்புவதற்கு முட்டுக்கட்டை போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் பக்கத்தில் யாரோ, "அம்மாவுக்கு அருள் வந்துடுச்சி!" என்று கூவ, சுற்றி இடம் விட்டுவிட்டார்கள். ஒருவர் என் நெற்றியில் ஒரு பிடி விபூதியை அப்பினார். ஒருவர் வேப்பிலை தேடி ஓடினார். ஒரு அம்மா கைகூப்பி, "எம்மவனுக்கு எப்ப ஆத்தா வேல கிடைக்கும்?" என்று கேட்டார். "மொதல்ல அவன காலையில எழுப்பி வுடுடீ!" என்று அதே வேகத்தில் கத்தினேன். அந்த அம்மா உத்தரவு கிடைத்த மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

என் வீட்டுக்காரர் வடத்தை விட்டுவிட்டு, அந்த முனையிலேயே ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் ஓடியது. வலியாக்கும் என்று நினைத்தேன். "வந்துட்டியா புள்ள" என்றார். நாலு பேர் அவரைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

சிதம்பரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் எடுத்தார்கள். ஒரு விரலாகப் போயிருக்க வேண்டியது, நான்கு நாளில் இரண்டாகியிருந்தது.

மறுநாள் வார்டில் அவருக்கு நினைவு தெளிந்ததும் கேட்டேன். கத்தவில்லை, அன்றைக்கு உண்மையாகவே என்னிடம் கோபம் இல்லை. "ஏன் மாமா மாத்திர போடல?"

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொத நாளு போடாம இருந்தா கத்துவன்னு பாத்தேன். நீ சிரிச்சிக்கினே போயிட்ட. மறுநாளும் பாத்தேன். அப்பறம் அட்டையெல்லாம் நீ தொடைக்கிற அலமாரியில உன் கண்ணுல படட்டும்னுதான் வச்சேன். அப்பவும் நீ கத்தல. காசியில நீ கோவத்த வுட்டியா, என்ன வுட்டியான்னே எனக்குத் தெரியல புள்ள."

 ஊரெல்லாம் காலில் விழுந்த எட்டு மாதமும் இந்த மனுஷன் ஒரு வசவுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். என் புண்ணியத்துக்கு இவர் இரண்டு விரலைக் கொடுத்திருக்கிறார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சிஸ்டர் வெளியே போய் நின்றுகொண்டார்.

நர்ஸ் பெண் ஒரு சின்ன மூடியில் மாத்திரைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பறம் போட்டுக்கிறேன்" என்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். கட்டுப் போட்ட அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் அம்மா கொடுத்த செல்லத்திலிருந்து ஆரம்பித்தேன். நர்ஸ் பெண்கள் ஓடிவந்தார்கள். நான் நிறுத்தவில்லை. என் அப்பா பெயர் வரும் வரைக்கும் திட்டினேன்.